காந்திமதியின் படத்திறப்பு

ஜூலை 3, திங்கள்

மோட்டார் ஓடவில்லை. கீழ் வீட்டுப் பங்கஜம்மாள் காலை ஆறு மணிக்கே படியேறி வந்து, தண்ணீர் ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்கிறார், நான்தான் கார்ப்பரேஷன் என்பதுபோல. மதி எழுந்து போய் ஏதோ ஒயரைத் தட்டி ஓடவைத்தான். அதற்குள் எழுதிக்கொண்டிருந்த பத்தி எனக்கு மறந்துபோயிற்று.

முந்நூற்றியோராவது நாவல், ஆறாவது அத்தியாயம். மில் முதலாளி அழகர்சாமியின் மனைவி கிணற்றில் பிணமாக மிதக்கிறாள். முகம் அடையாளம் தெரியவில்லை, சேலை மட்டும் தெரிகிறது. அழகர்சாமி அழுது புரள்கிறார். துப்பறியும் கபிலன் கிணற்றடியில் ஒற்றைச் செருப்பைப் பார்க்கிறான். கொலையாளி யார் என்று இந்த டயரியில்கூட எழுத மாட்டேன். டயரியைத் தொடுவதே இல்லை என்று மதி சத்தியம் செய்கிறான். நான் நம்பவில்லை.

ஜூலை 5, புதன்

தணிகாசலம் போன் செய்தார். 'மர்மச் சிமிழ்' மாத நாவலின் முதலாளி. அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் அவர்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன். என்னுடைய முந்நூறாவது நாவலுக்கு விழா எடுக்கப்போகிறாராம். ஆகஸ்ட் 13, ஞாயிறு மாலை, எழும்பூரில் மண்டபம். வேண்டாம் என்றேன். பேனருக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். இந்த மனுஷனிடம் எதையும் வேண்டாம் என்று சொல்லவே முடியாது, வேண்டாம் என்பதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வார்.

அத்தோடு விட்டாரா? அம்மாவை, அதாவது என் சம்சாரத்தை, அவசியம் அழைத்து வரவேண்டுமாம். மேடையில் பொன்னாடை போர்த்தவேண்டுமாம். இருபத்தேழு வருஷமாக அட்டையில் பெயரை மட்டும் பார்க்கிறார்களே, வாசகர்கள் முகத்தையும் பார்க்க வேண்டாமா என்கிறார்.

பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மதி யார் என்று கேட்டான். கொசு மருந்து விற்கிறவன் என்றேன்.

ஜூலை 6, வியாழன்

யாரிடமும் சொல்லமுடியாததை எழுதியாவது வைக்கிறேன்.

என் பெயர் ஞானப்பிரகாசம். அட்டையில் இருக்கும் பெயர் காந்திமதி. 1996-ல் முதல் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு போனபோது தணிகாசலத்தின் அப்பா, பெரியவர், ஞானப்பிரகாசம் என்ற பெயரில் கொலை செய்தால் யார் படிப்பார்கள், பொம்பளை பெயராகக் கொடு என்றார். அப்போது ஆண்கள் பலர் மனைவி பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். உன் சம்சாரத்தின் பெயர் என்ன என்று கேட்டார். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். என் வாயில் வரக்கூடிய பெயர் ஒன்றுதான் இருந்தது.

மதியின் முழுப்பெயர் காந்திமதிநாதன். திருநெல்வேலிக்காரன். அவன் தெருவில் கல்லெறிந்தால் நாலு காந்திமதிநாதன் மேல் படும். பெரம்பூரில் மருந்துக்கடையில் இருந்தான். விஷம் பற்றிச் சந்தேகம் கேட்கப்போய்த்தான் பழக்கம். 94-லிருந்து இந்த மாடிப் போர்ஷனில் இரண்டு பேரும் இருக்கிறோம். வீட்டுக்காரரிடம் ரூம்மேட் என்று சொன்னோம். அப்போது எனக்கு முப்பத்துமூன்று, இப்போது அறுபத்திரண்டு. இன்னும் ரூம்மேட்தான்.

பெரியவரிடம் சொன்ன பெயரைக் கேட்டு மதி அன்றைக்கு அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தான். பஸ் ஸ்டாண்டில் தொங்குகிற புத்தகத்தில் தன் பெயரைப் பார்க்கப் பத்து நாள் தினமும் போனான்.

ஜூலை 8, சனி

பதினாலு அத்தியாயம் முடித்து மதியிடம் கொடுக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். தினம் மூன்று தடவை எப்போது தருவாய் என்கிறான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லை.

எங்கள் வழக்கம் இது. பதினெட்டு அத்தியாயத்தில் பதினாலை அவன் படிப்பான். காலண்டர் தாளின் பின்பக்கம் கொலையாளி யார் என்று எழுதி, மடித்து, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவான். நான் முடிவை எழுதிய பிறகுதான் பிரிப்பேன். தப்பாக இருந்தால் நாவல் அச்சுக்குப் போகும். சரியாக இருந்தால் கடைசி நாலு அத்தியாயத்தையும் கிழித்துவிட்டு வேறு கொலையாளியைத் தேடவேண்டும். இதுவரை அறுபத்தொரு தடவை கண்டுபிடித்திருக்கிறான். அறுபத்தொரு தடவையும் அவனைத் திட்டியிருக்கிறேன். வாசகர்கள் இன்றைக்கும் பேசுகிற நாவல்கள் அந்த அறுபத்தொன்றுதான். இதை அவனிடம் சொன்னதில்லை.

ஜூலை 11, செவ்வாய்

தப்பு செய்துவிட்டேன்.

மதி மார்க்கெட் போயிருந்தான். தணிகாசலம் நாலாவது தடவையாகக் கூப்பிட்டார். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் அவருடைய மனைவியே வீட்டுக்கு வந்து பேசுவாராம், கையோடு காரில் அழைத்துப் போவார்களாம். வீட்டுக்கு வருவேன் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மா இல்லை என்று சொல்லிவிட்டேன். ஊருக்குப் போயிருக்கிறார்களா என்றார். அத்தோடு ஆமாம் என்றிருக்கலாம். இல்லை, தவறிவிட்டாள் என்றேன்.

முந்நூறு நாவலில் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறேன். இவ்வளவு மடத்தனமாக யாரையும் கொன்றதில்லை.

போனில் அந்தப் பக்கம் ஐயோ என்றார். அப்புறம் அழுகிறார். எப்போது என்று கேட்டார். ஐந்து வருஷம் ஆயிற்று என்று சொல்ல வாய் எடுத்தேன், நல்லவேளை, சேலை ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மாவுக்கு என்று அவர் வீட்டிலிருந்து ஒரு பட்டுச்சேலை வரும். இருபத்தேழு சேலை. போன தீபாவளிக்கு மாம்பழக் கலர். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்று நானே போன் செய்து சொல்லியிருக்கிறேன். ஆகவே தீபாவளிக்குப் பிறகு சாகவேண்டும். மார்கழி மாதம் என்றேன். என்ன உடம்புக்கு என்றார். மஞ்சள் காமாலை என்றேன்.

கடைசியாக அனுப்பிய சேலையை ஒரு தடவையாவது கட்டினார்களா என்று கேட்டார். கட்டினாள் என்றேன். அதில் பாதி உண்மை. எல்லாச் சேலையையும் பங்கஜம்மாளுக்குத்தான் கொடுத்துவிடுவோம். மாம்பழக் கலர் கீழே கொடியில் காய்கிறது.

மதி வந்து கீரையை ஆய்ந்துகொண்டே, என்ன முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்றான். கதையில் ஒரு சிக்கல் என்றேன்.

ஜூலை 12, புதன்

விழாவை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். என்ன ஒரு நினைப்பு! தணிகாசலம் அம்மாவின் படத்திறப்பையும் சேர்த்து வைத்துவிட்டார்.

ஜூலை 15, சனி

படம் அனுப்பச் சொன்னார். அவளுக்குப் போட்டோ எடுத்துக்கொள்வது பிடிக்காது, ஒன்றுகூட இல்லை என்றேன். இத்தோடு முடிந்தது என்று பார்த்தால், அட்டைப்பட ஓவியர் லோகுவிடம் போனைக் கொடுத்துவிட்டார். நீங்கள் சொல்லுங்கள் சார், நான் வரைகிறேன் என்கிறார் லோகு. இருபது வருஷமாக ஒரே பெண்ணை வரைகிறவர், கையில் ஒரு தடவை கத்தி, ஒரு தடவை டார்ச் லைட்.

எரிச்சலில் எதையோ சொன்னேன். நீள முகம். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டும். சிரித்தால் வலது பக்கம் மட்டும் சிரிக்கும். கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். லோகு கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வைத்த பிறகுதான் யாரை வர்ணித்தேன் என்று உறைத்தது. திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லவேண்டும்.

ஜூலை 16, ஞாயிறு

மாற்றிச் சொல்லவில்லை.

ஜூலை 24, திங்கள்

கூரியர் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் மதி அழைப்பிதழைப் பிரித்து வைத்துக்கொண்டு நாற்காலியில் இருக்கிறான். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து வரி வரியாகப் படிக்கிறான். 'எழுத்தாளரின் வாழ்க்கைத் துணைவியாராக விளங்கி அமரரான திருமதி காந்திமதி ஞானப்பிரகாசம் அவர்களின் திருவுருவப் படத்திறப்பு.' சுற்றிலும் கறுப்புக் கட்டம்.

"நான் எப்ப செத்தேன்?" என்றான்.

மார்கழி என்றேன்.

"எதுல?"

மஞ்சள் காமாலை என்றேன். முப்பத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவனை மஞ்சள் காமாலையிலா சாகடிப்பது என்று கேட்டான். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

நான் பேச ஆரம்பித்தேன். வீட்டுக்கு வருவேன் என்று மிரட்டினார், வேறு வழி தெரியவில்லை, பெயரில் என்ன இருக்கிறது, ஒரு நாள் கூத்துதானே, இப்படி என்னென்னவோ. அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ரேஷன் கார்டுல ரெண்டு பேரும் தனித்தனி. வீட்டு அக்ரிமெண்டுல நீரு மட்டும். ரெண்டு பேரு பேரும் ஒரே வரியில அச்சாயிருக்கது இதுதான் மொத தடவ. அதுவும் என் கருமாதிக்கு."

அப்புறம் எழுந்துபோய் மத்தியானத்துக்குக் குழம்பு வைத்தான். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அப்பளம்கூடப் பொரித்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூலை 25, செவ்வாய்

மதி திருநெல்வேலிக்குப் போய்விட்டான், தங்கை வீட்டுக்கு. எப்போது வருவாய் என்றேன். செத்தவன் இங்கே இருந்தால் உமக்குத்தானே சிரமம் என்றான். என் பிரஷர் மாத்திரையைக் கிழமை வாரியாகக் கவர் போட்டு எழுதி வைத்திருக்கிறான், மூன்று வாரத்துக்கு.

போகட்டும். எனக்கும் எழுத அமைதி வேண்டும்.

ஜூலை 27, வியாழன்

பதினாலு அத்தியாயமும் முடிந்தது. கட்டி அவன் நாற்காலியில் வைத்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் துடைத்துப் பக்கத்தில் வைத்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

ஜூலை 29, சனி

உப்புமா தீய்ந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. மோட்டார் ஓடவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. கனெக்‌ஷன் மதி பெயரில். ஓ.டி.பி. அவன் போனுக்குத்தான் போகும். சிலிண்டர்காரர் மூன்று மாடி தூக்கி வந்த கோபத்தில், நம்பரைச் சொல்லுங்க சார், இல்லன்னா திரும்பத் தூக்கிட்டுப் போயிடுவேன் என்று நிற்கிறார். ஒரு வாரமாகப் பேசாதவனை ஓ.டி.பி.க்காகக் கூப்பிடவேண்டிய நிலைமை யாருக்காவது வருமா?

எடுத்தான். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, நாலு ஏழு ஒண்ணு ஒம்பது என்றான். வைத்துவிட்டான்.

அவன் குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. அந்த நாலு எண்ணையும் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதற்கு? தெரியவில்லை. அவன் இல்லாமல் எனக்கு முடியவில்லை. எழுதிவிட்டேன், போதுமா.

ஆகஸ்ட் 4, வெள்ளி

நானே கூப்பிட்டேன். மாத்திரை பற்றிச் சந்தேகம் என்று ஆரம்பித்தேன். கவரில் எழுதியிருக்கிறது என்றான். சரி, எப்போது வருகிறாய் என்றேன்.

பதிமூன்றாம் தேதி விழாவுக்கு வருகிறானாம். திரும்பிப்போக அன்றைக்கு இரவு வண்டிக்கும் டிக்கெட் எடுத்துவிட்டானாம்.

"என் படத்தைத் திறக்காவ, நான் வராம இருப்பனா? வந்து ஒரு ஓரமா உக்காந்து பாக்கேன். நீரு அந்தப் படத்துக்கு மாலையைப் போட்டா, நான் அப்படியே எழும்பூர்ல வண்டி ஏறிருதேன். பொறவு என்னைய தேடாதியும்."

போடாவிட்டால், என்றேன். அது உம்ம இஷ்டம் என்றான். மேடை ஏறவோ பொன்னாடை வாங்கவோ அவனுக்கு ஆசை இல்லையாம். உசிரோடு இருக்கிறவனை உசிரோடு இருக்கிறான் என்று சொன்னால் போதுமாம். அதற்கு எவ்வளவு பேச்சு பேசினேன் நான்! அறுபத்திரண்டு வயதில் ஊர் சிரிக்கவேண்டுமா, நாவலை யார் வாங்குவார்கள், வீட்டுக்காரர் காலி செய் என்றால் எங்கே போவது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூச்சு வாங்குது, தண்ணி குடியும் என்றான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

நேரில் சொல்லிவிடுவது என்று தணிகாசலத்தின் அச்சகத்துக்குப் போனேன். பஸ்ஸில் மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். போய் உட்கார்ந்ததும் காபி வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, மனசை விட்டுவிடாதீர்கள் சார் என்றார். அவர் மனைவி எனக்காகப் புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பியிருந்தார், தனியாகச் சமைத்துக் கஷ்டப்படுவேனே என்று. இந்த மாதிரி மனுஷர்களிடம் எப்படி உண்மை பேசுவது?

பேச வாய் எடுத்த நேரம் பார்த்து லோகு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றடி உயரம். பச்சைப் பட்டுச்சேலை, தலையில் பூ, மூக்கில் மூக்குத்தி, மதியின் முகம். தழும்பு சரியாக அதே இடத்தில். விரலை நீட்டித் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். துக்கம் என்று நினைத்து இரண்டு பேரும் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

திருத்தம் ஏதாவது உண்டா சார் என்றார் லோகு.

மூக்குத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இவ்வளவு தூரம் போய், இரண்டு பஸ் மாறி, நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

பங்கஜம்மாள் ரசம் கொண்டுவந்தார். மதி எப்போது வருவார் என்று கேட்டார். தெரியாது என்றேன். மேஜையில் கிடந்த அழைப்பிதழை எடுத்துப் படித்தார். என்னைப் பார்த்தார், திரும்பப் படித்தார்.

இது யாரோ வேறு காந்திமதி என்று நான் ஏதோ ஆரம்பித்தேன்.

"சார், இருபத்தேழு தீபாவளிக்கும் எங்கிட்ட புடவையைக் கொண்டாந்து குடுத்தீங்க. யாருக்கு வந்த புடவைன்னு எனக்குத் தெரியாதா? நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? கேக்கறதுக்கு அதுல என்ன இருக்கு. ஆனா இருக்கறவரைப் போய் இப்பிடிப் போட்டிருக்கீங்களே, இது அடுக்குமா?"

ரசக் கிண்ணத்தை அப்புறம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். விழாவுக்குத் தானும் வருவாராம்.

எங்களை மாதிரி ஆட்கள் சேர்ந்து இருப்பது குற்றமில்லை என்று சட்டம் மாறி ஐந்து வருஷம் ஆகப்போகிறது. கீழ் வீட்டு அம்மாளுக்கு எல்லாம் தெரிந்து அதைவிட ரொம்ப வருஷமாகிறது. ஒளித்து வைத்தவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது, யாரிடமிருந்து என்றுதான் தெரியவில்லை. மோட்டார் இன்றைக்கும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

வேட்டி சலவைக்காரரிடம் இருந்து வரவில்லை. பேண்ட் போட்டுக்கொள்ளவேண்டியதுதான். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 14, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

மண்டபத்தில் நூற்றைம்பது நாற்காலி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. வாசலில் என் பேனர், அதன் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் அமரர் காந்திமதி. மதி மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தான். வெள்ளைச் சட்டை, காலடியில் பை. பக்கத்தில் பங்கஜம்மாள், மாம்பழக் கலர் பட்டில். என்னைப் பார்த்தான். யாரோ வெளியூர் வாசகர் மாதிரி தலையசைத்தான்.

நாலு பேர் பேசினார்கள். எல்லோரும், கபிலனுக்கு எப்போது கல்யாணம் செய்துவைப்பீர்கள் என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார்கள். இந்தக் கேள்வியை இருபத்தேழு வருஷமாகக் கேட்கிறார்கள், அலுக்கவே அலுக்காதா?

அப்புறம் தணிகாசலம் அம்மாவைப் பற்றிப் பேசினார். மேடைக்கு வராமலே துணை நின்றவர் என்றார். கணவரின் எழுத்துக்காகத் தன் பெயரையே கொடுத்தவர் என்றார். சொன்னது எல்லாம் சரி. அதுதான் கொடுமை. பட்டுத்துணியை இழுத்தார். மதி சேலை கட்டிக்கொண்டு, வலது பக்கமாகச் சிரித்தபடி எல்லோரையும் பார்த்தான். மூக்குத்தி இல்லை. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பங்கஜம்மாள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி, அதன் பிறகு ஐயா மாலை அணிவிப்பார் என்று அறிவித்து என் கையில் மாலையைக் கொடுத்தார்கள். ரோஜாவும் சம்பங்கியும். ஈரம் சட்டையில் வடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் ஓய்ந்தது.

ஒரே ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்தவர் தோளைத் தட்டி, எழுந்திருங்க பெரியவரே என்றார். மதி முடியாது என்று தலையாட்டினான். இன்னொருவர் முறைத்தார். அவன் அசையவில்லை. அவ்வளவு பேர் நிற்கிற இடத்தில் அவன் ஒருத்தன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தனக்கே அவன் எப்படி எழுந்து நிற்பான்?

நான் மைக்கிடம் போனேன். மாலையோடுதான் போனேன், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாவலிலும் கடைசி அத்தியாயத்தில் யாராவது ஒருத்தனை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். அவனுக்கு நாக்கு இப்படி வறளும் என்று எனக்குத் தெரியாது.

"எல்லாரும் உட்காருங்க. யாரும் சாகலை" என்றேன்.

யாரும் உட்காரவில்லை.

"எனக்கு மனைவின்னு யாரும் இருந்ததில்லை. காந்திமதிநாதன்னு ஒருத்தர் இருக்கார். அந்த மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கார். இருபத்தொன்பது வருஷமா அவரோடதான் குடித்தனம் பண்றேன். நான் எழுதற எதையும் அவர்தான் முதல்ல படிப்பார். பேரு அவரோடது. செத்துட்டார்னு சொன்னது நான். பயத்துல சொன்னேன். மன்னிச்சுடுங்க."

மூன்றாவது வரிசையை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படத்தைப் பார்த்தார்கள். மறுபடி அவனைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். ஒரு குடும்பம் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியே போயிற்று, அதன் பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர். முன்வரிசையில் ஒருவர் கையிலிருந்த என் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்தபோது வலித்தது. ஒரு பெண் மட்டும் கைதட்டினாள், யாரும் சேராததால் நிறுத்திவிட்டாள்.

தணிகாசலம் பேயறைந்த மாதிரி நின்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்தச் சேலை எல்லாம்?"

பங்கஜம்மாள் கீழேயிருந்து, நான்தான் கட்டறேன், நல்ல புடவை, சாயம் போகலை என்றார்.

தணிகாசலம் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "நீங்க யாரோட இருந்தா எனக்கென்ன சார். எங்கப்பா போனப்பகூட நான் அழலை. அம்மா போயிட்டாங்கன்னு நீங்க சொன்னப்ப அழுதேன். அதை என்ன பண்றது, சொல்லுங்க."

மறுபடியும் மன்னிச்சுடுங்க என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

மதி பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். வண்டிக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். என்ன செய்தும் பயனில்லை என்று நினைத்தேன். அவன் நேராக மேடைக்குக் கீழே வந்து நின்று, என் கையிலிருந்த மாலையை வாங்கினான். ஒரு தும்மல் தும்மினான்.

"சம்பங்கி எனக்கு ஆகாதுன்னு தெரியாதாவே உமக்கு?" என்றான். வலது பக்கம் சிரித்தான்.

பங்கஜம்மாளும் சேர்த்து மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் வந்தோம், படம் மடியில். மாலையை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 16, புதன்

மோட்டார் ஓடுகிறது.

தணிகாசலம் போன் செய்தார். குரலில் பழைய ஈரம் இல்லை. மதுரை ஏஜெண்டு முந்நூறாவது நாவலைக் கட்டோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். கோயம்புத்தூர்க்காரர் இன்னும் இருநூறு கேட்டிருக்கிறாராம், பேப்பரில் செய்தி வந்ததால். எது எப்படியோ, முந்நூற்றியொன்று வெள்ளிக்கிழமை கையில் இருக்கவேண்டும் என்றார். சரி என்றேன். வைக்கப் போனவர், இனிமேல் தீபாவளிக்கு வேட்டியா சார் என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். பங்கஜம்மாளுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் புரியவில்லை.

படத்தை எங்கே மாட்டுவது என்று தகராறு. தனக்குச் சேலை நன்றாகத்தான் இருக்கிறது, ஹாலில் மாட்டு என்கிறான் மதி. உயிரோடு இருக்கிறவன் படத்தை யாராவது ஹாலில் மாட்டுவார்களா? பரண்மேல் போட்டேன். அவன் எடுத்து ஹாலில் மாட்டிவிட்டான்.

ஆகஸ்ட் 17, வியாழன்

பதினாலு அத்தியாயத்தையும் நேற்று ஒரே மூச்சில் படித்துவிட்டு, சீட்டை பாட்டிலில் போட்டான். நான் இன்று மத்தியானம் வரை உட்கார்ந்து கடைசி நாலு அத்தியாயத்தையும் எழுதி முடித்தேன். யாரும் கண்டுபிடிக்க முடியாத முடிவு. இருபத்தேழு வருஷத்தில் இப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை. பாட்டிலைத் திறந்தேன். ஆகஸ்ட் 13-ம் தேதித் தாளைக் கிழித்திருக்கிறான். பின்பக்கம் அவன் மருந்துச்சீட்டுக் கையெழுத்து:

'பொஞ்சாதி செத்துட்டான்னு அழுதவன்தான். அவ சாகல. கிணத்துல கிடக்கது வேற ஆளு.'

அறுபத்திரண்டாவது தடவை. நாளைக்குள் நாலு அத்தியாயத்தையும் திரும்ப எழுதவேண்டும். டயரியைப் படித்தாயா என்று கத்தினேன். அடுக்களையிலிருந்து, இல்லை என்கிறான். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறானாம், நடுவில் பேசினால் எண்ணிக்கை தப்பிவிடுமாம்.